முன் ஃபோர்க்கில் ஆயில் வடிகிறதா? சீலை மாற்றும் முன் பைப்பைப் பாருங்கள்

பைக்கின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள்தான் ஃபோர்க். அதில் முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்று இருக்கும் குரோம் பைப்பில் எண்ணெய் வளையம் விழுந்திருக்கும். அதற்குக் கீழே, பைப் ஏறி இறங்கும் உறையான பாட்டம் கேஸ் முழுக்கத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்பக்கம் டொக்கென்று அடிக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால் "சீல் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று சொல்வார், மாற்றியும் கொடுப்பார், சில மாதத்தில் அதே இடத்தில் திரும்பவும் எண்ணெய் வளையம் தெரியும். சீல், அதாவது பைப்பைச் சுற்றி எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம், கெட்டுப்போனது உண்மைதான், ஆனால் அதைக் கெடுத்தது என்ன என்று யாரும் பார்க்கவில்லை. பைப்பில் ஒரு துருப்புள்ளி இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் அது ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் பைப்புக்கும் சுத்தத்துக்கும்தான் போக வேண்டும், சீலை அடித்து உட்கார வைப்பது கடைசிப் பத்து நிமிட வேலை.

நான் இங்கே சொல்வது ஸ்ப்ளெண்டர், ஷைன், யூனிகார்ன், பல்சர் 150 மாதிரியான வண்டிகளில் இருக்கும் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்கைப் பற்றி. பழைய புல்லட், பழைய கிளாசிக் வைத்திருப்பவர்களுக்குக் கொள்கை இதுதான், ஆனால் பைப்பின் தலை ஹெட்லைட் கூட்டுக்குள் போய் முடிவதால் கழற்றும் வழி வேறு. டியூக் மாதிரி பைப் கீழேயும் உறை மேலேயும் இருக்கும் தலைகீழ் ஃபோர்க் இருந்தால் தயவுசெய்து வீட்டில் கை வைக்க வேண்டாம். அதன் உள்ளமைப்பு வேறு, கருவிகளும் வேறு, சீல் கீழே பிரேக் பக்கம் இருப்பதால் கசிகிற எண்ணெய் நேராக டிஸ்க்குக்குத்தான் போகும்.

டிஸ்க் என்றதும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வழிந்து டிஸ்க் தட்டிலோ, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரிலோ பட்டிருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துக் காப்பாற்றலாம், ஆனால் காலிப்பருக்குள் டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடு எண்ணெய் குடித்துவிட்டால் அதைக் காப்பாற்ற முடியாது. அடுப்பில் சுடுவது, பெட்ரோலில் ஊறவைப்பது எல்லாம் சொல்வார்கள், கேட்க வேண்டாம். பேடு மாற்றுவதுதான் வழி, அது அப்படியொன்றும் பெரிய செலவும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது

கழற்றுவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பிறகு எதைப் பார்த்தும் பயம் வராது. மேலே ஹேண்டில்பாரோடு பிடித்திருப்பது குரோம் பைப். அது கீழே இருக்கும் அலுமினிய பாட்டம் கேஸுக்குள் ஏறி இறங்குகிறது. பைப்புக்குள் நீளமான ஸ்பிரிங், அதற்குக் கீழே டேம்பர் ராடு, பார்ட்ஸ் கடையில் இதை சீட் பைப் என்றும் சொல்வார்கள். இந்த ராடின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பள்ளத்தில் விழும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருப்பதால்தான் வண்டி குதிரை மாதிரி துள்ளாமல் அடங்குகிறது. டேம்பர் ராடைப் பாட்டம் கேஸின் அடியிலிருந்து ஒரு ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) பிடித்திருக்கும், அதில் செம்பு வாஷர் ஒன்று இருக்கும். பாட்டம் கேஸின் வாயில் ஆயில் சீல், அதற்கு மேல் அதை வெளியே வராமல் பிடிக்கும் கம்பி லாக், அதற்கும் மேல் டஸ்ட் சீல். அவ்வளவுதான் மொத்தமும்.

ஆயில் சீலின் உதடு பைப்பை எப்போதும் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அதன் உள்பக்கம் வளையமாக ஒரு மெல்லிய ஸ்பிரிங் ஓடும். அந்த உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், ஒவ்வொரு தடவை ஃபோர்க் ஏறி இறங்கும்போதும் எண்ணெய் அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மணலைத் தடுக்க வேண்டியது டஸ்ட் சீலின் வேலை. வெயிலில் காய்ந்து அது வெடித்திருந்தால், அல்லது வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராக அந்த இடத்தில் வைத்து அடித்திருந்தால், மண் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

முதலில் எக்ஸ்-ரே ஷீட்

எதையும் கழற்றாமல் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. கசிவு புதிதாக, லேசாக இருந்தால் பல நேரம் இதிலேயே நின்றுவிடும். பீரோ மேல் கிடக்கும் பழைய எக்ஸ்-ரே ஷீட்டிலிருந்து இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். ஒரு முனையின் ஓரத்தில் மீன் தூண்டில் வளைவு போல ஒரு சின்னக் கொக்கி வரும்படி வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்குங்கள், இல்லையென்றால் அதுவே சீலைக் கீறும். கேமரா ஃபிலிம் நெகட்டிவ் இருந்தாலும் சரி. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கும் ஓடும், ஆனால் கொஞ்சம் தடிமன் கூடுதல்.

டஸ்ட் சீலை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் சுற்றிச் சுற்றி நெம்பி மேலே தள்ளிவிடுங்கள். அந்தக் குழியில் இருக்கும் மண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். துணியில் துடைத்து எடுத்துவிட்டு, பட்டையின் கொக்கி முனையைப் பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் மெதுவாக உள்ளே விடுங்கள். உதட்டைத் தாண்டியதும் லேசாகப் பிடிப்பு தளரும், கையில் தெரியும். அப்படியே பைப்பைச் சுற்றி ஒரு வட்டம் போய் வெளியே இழுத்தால் கறுப்பாகக் கசடு ஒட்டிக்கொண்டு வரும். துடைத்துவிட்டுத் திரும்பவும் விடுங்கள், பட்டை சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நன்றாக அமுக்கி அமுக்கி விட்டு, வெளியே வரும் எண்ணெயைத் துடைத்து, டஸ்ட் சீலை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பைப் காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது, மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை. ஆனால் எவ்வளவு எண்ணெய் வெளியே போயிருக்கிறது என்பது தெரியாது. ரொம்ப நாளாக வடிந்துகொண்டிருந்தால் ஆயிலாவது மாற்றியாக வேண்டும்.

திரும்ப வடிகிறது என்றால் பைப்பைப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள், சுற்றி நான்கு பக்கமும். முக்கியமாக முன்பக்கம், அங்கேதான் கல் தெறிக்கும். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே ஒரு கீறலோ துருக்குழியோ இருக்கிறது. அது சீல் ஏறி இறங்கும் தூரத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை அமுக்கினால் பைப்பில் துடைத்த தடம் எதுவரை தெரிகிறதோ அதுதான் அந்தத் தூரம், பெரிய பள்ளத்தில் விழும்போது இன்னும் சில சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். அதற்கு மேலே இருக்கும் துரு அசிங்கமாக இருக்குமே தவிர சீலை ஒன்றும் செய்யாது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்தத் துருக்குழி ரொம்ப சீக்கிரம் வந்துவிடும். பைப்பை மூடும் ரப்பர் பூட் (மடிப்பு உறை) போட்டிருந்தால் பைப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் பூட்டுக்குள் ஈரம் தங்கினால் உள்ளுக்குள்ளேயே துருப் பிடித்துக்கொண்டிருக்கும், அதைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டோம்.

லேசான புள்ளிகளாக இருந்தால் 1000-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் கொஞ்சம் ஆயில் விட்டு, பைப்பைச் சுற்றும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும், மேலும் கீழுமாகத் தேய்த்தால் எண்ணெய் ஏறி வர நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முடிக்கும்போது 1500 அல்லது 2000. நோக்கம் குழியை அழிப்பது இல்லை, குழியின் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் கூர்மையை மழுக்குவது. ஒன்றிரண்டு ஆழமான குழி இருந்தால் துருவைச் சுரண்டி எடுத்து, பெட்ரோலில் துடைத்து, அரால்டைட் வைத்து நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு மட்டமாகத் தேய்த்து ஓட்டலாம். நிறையப் பேர் செய்கிறார்கள், நன்றாகவே நிற்கிறது. ஆனால் குரோம் தோல் தோலாக உரிந்திருந்தால் அரால்டைட் வித்தையெல்லாம் வேண்டாம். பைப்பையே மாற்றுங்கள், இல்லை ஹார்ட் குரோம் போடும் இடத்தில் கொடுத்துத் திரும்பப் போட்டுக் கிரைண்டிங் செய்து வாங்குங்கள். சென்னையில் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. பழசு வாங்கும்போது இரண்டு பைப்பையும் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி வைத்து உருட்டிப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது.

வாங்க வேண்டியவை

ஆயில் சீல் இரண்டு, டஸ்ட் சீல் இரண்டு, அடி போல்ட்டுக்குச் செம்பு வாஷர் இரண்டு, ஃபோர்க் ஆயில். ஒரு பக்கம்தான் வடிகிறது என்று ஒரு சீல் மட்டும் வாங்காதீர்கள், இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் என்று மூன்று எண் அச்சிட்டிருக்கும், உதாரணத்துக்கு 31 43 10.3. மாடல் பெயர் மட்டும் சொல்லி வாங்காமல் அந்த எண்ணையும் சரிபாருங்கள், ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் பைப் அளவு மாறிய வண்டிகள் உண்டு. கிளாசிக் 350-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், பழையதில் 35 மி.மீ. பைப், 2021-இல் வந்த புதியதில் 41. சீல் மட்டும் கம்பெனி பார்ட்டாக வாங்கினால் நல்லது. மலிவு சீலுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் உங்கள் ஒரு நாள் உழைப்பை விடக் குறைவு.

ஆயிலைப் பொறுத்தவரை பெரும்பாலான வண்டிகளுக்கு 10 டபிள்யூ (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) ஃபோர்க் ஆயில்தான், ஆனாலும் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் மிச்சம் இருக்கும் 20டபிள்யூ-40 என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். வண்டி ஓடும், ஆனால் அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாகக் கெட்டி எண்ணெய் வேகமாகப் போகாது, சின்னச் சின்னக் குழியில் எல்லாம் அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். கேட்டால் "ஷாக் நல்லா டைட்டா இருக்கு பாருங்க" என்பார்கள்.

கருவிகளில் ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், நீளமான ஆலன் கீ (பெரும்பாலும் 6 அல்லது 8), நோஸ் பிளையர், ரப்பர் சுத்தியல், லாக்டைட் (மரை இளகாமல் பிடிக்கும் பசை). அப்புறம் சீல் அடிக்க ஒரு பிவிசி பைப் துண்டு. நம் ஊர் விவசாய பிவிசி பைப்புகளில் சொல்லும் அளவு வெளிவிட்டம்தான், அதனால் 40 மி.மீ. பைப் என்றால் வெளியே சரியாக 40 இருக்கும், அதற்குள் 30, 31 மி.மீ. தடிமனுள்ள ஃபோர்க் பைப் தாராளமாகப் போகும். பிளம்பிங் கடையில் வெட்டிய துண்டு சும்மாவே கொடுப்பார்கள். போகும்போது சீலைக் கையில் கொண்டு போய், பைப் விளிம்பு சீலின் வெளி ஓரத்துக்குள் நிற்கிறதா என்று வைத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் ஒரு 50 மி.லி. சிரிஞ்சும், சலைன் ஏற்றும் டியூபும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கழற்றுவது

வண்டியை மட்டமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்படி தூக்குங்கள். சைலன்சர் பைப்பில் ஜாக்கி வைக்காதீர்கள். பின்பக்கம் கேரியரில் கயிறு கட்டி ஏதாவது கனமானதோடு பிணைத்துவிட்டால் நிம்மதி. இந்த வேலையில் மற்ற எதுவும் தப்பாகப் போனால் திரும்பச் செய்துகொள்ளலாம், வண்டி மேலே விழுந்தால் அப்படி இல்லை.

வரிசை முக்கியம். ஃபோர்க் வண்டியிலேயே இருக்கும்போது இரண்டு போல்ட்டை இளக்கி வைத்துவிட வேண்டும், கழற்ற வேண்டாம், இளக்கினால் போதும். முதலாவது மேல் மூடி. பைப்பின் தலையைப் பிடித்திருக்கும் மேல் தட்டான டாப் பிரிட்ஜில் இறுக்கிப் பிடிக்கும் போல்ட் இருந்தால் அதை முதலில் தளர்த்திவிட்டு, பிறகு மூடியைச் சாக்கெட் போட்டு ஒரு சுற்று இளக்குங்கள். கீழ் பிடிமானம் இறுக்கமாகவே இருக்கட்டும். ஃபோர்க்கைக் கையில் எடுத்துவிட்டால் பைப்பைப் பிடிக்க வழி இல்லாமல் வைஸில் வைத்துக் கீறிவிடுவீர்கள். சில மாடல்களில் மூடிக்கு மரை இருக்காது, அமுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் வளையக் கம்பியை எடுக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

இரண்டாவது அடி ஆலன் போல்ட். இதுதான் இந்த வேலையின் தலைவலி. போல்ட் ஏறியிருப்பது டேம்பர் ராடில், அந்த ராடை உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு போல்ட்டைச் சுற்றினால் ராடும் கூடவே சுற்றும், நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் சக்கரத்தைக் கழற்றியதும், ஃபோர்க் இன்னும் வண்டியில் இருக்கும்போதே, ஒருவர் பாட்டம் கேஸை மேலே அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஆலன் கீயில் சட்டென்று ஒரு வெட்டு வெட்டி இளக்க வேண்டும். போல்ட் தலைக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, கீயைக் கடைசிவரை உள்ளே தட்டி உட்கார வைத்த பிறகே பலம் கொடுங்கள். தலை மழுங்கினால் துளை போட்டு எடுக்க வேண்டியிருக்கும். அப்படியும் சுற்றினால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இம்பாக்ட் கன்னால் ஒரு நொடி தட்டச் சொல்லுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது ஆக்சில் (சக்கரத்தின் நடுக்கம்பி) எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதன் மேல் இருக்கும் இடைவளையப் புஷ் எந்தப் பக்கம் இருந்தது என்று மொபைலில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க் வண்டியாக இருந்தால் காலிப்பரைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஓசில் தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் லீவரை யாராவது அமுக்காமல் இருக்கப் போவதில்லை. டிரம் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் பிரேக் கேபிளையும் எடுத்தால் போதும். மட்கார்டு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, கடைசியாக டி-ஸ்டெம்மில் (பைப்பைப் பிடிக்கும் கீழ் பிடிமானத்தில்) இருக்கும் கீழ் போல்ட்டை இளக்கினால் ஃபோர்க் முறுக்கி இழுக்க இறங்கி வரும். இறக்கும் முன் பைப்பின் தலை டாப் பிரிட்ஜுக்கு எவ்வளவு மேலே நின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபோர்க்கை நிமிர்த்திப் பிடித்து, மூடி மேல் துணியைப் போட்டு, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே கழற்றுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியைத் தூக்கி எறியும். ஸ்பிரிங்கில் நெருக்கமான சுற்றுகள் மேலே இருந்தனவா கீழேயா என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெயை ஒரு டப்பாவில் கவிழ்த்து, பைப்பை ஏற்றி இறக்கி மிச்சத்தையும் வெளியேற்றுங்கள். சாம்பல் நிறத்தில், சாக்கடை மாதிரி நாற்றத்தோடு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ரொம்ப நாளாக மாற்றவே இல்லை என்று அர்த்தம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அடி போல்ட்டை முழுசாக எடுத்து, டஸ்ட் சீலை நெம்பி, கம்பி லாக்கை நோஸ் பிளையரால் கழற்றுங்கள். லாக் துருப்பிடித்து உடைந்தால் புதுசு போட வேண்டும், வீட்டில் கிடக்கும் கம்பியை வளைத்துப் போடக் கூடாது. சிறிய வண்டிகளில் பைப் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும், சீல் மட்டும் பாட்டம் கேஸிலேயே இருக்கும். பெரிய வண்டிகளில் பைப் வழுக்கி ஓட உள்ளே புஷ் என்ற வளையம் இருக்கும். பைப்பைப் பிடித்து டக் டக்கென்று வேகமாக இழுத்தால் அந்தப் புஷ்ஷே சீலைத் தட்டி வெளியே கொண்டுவரும்.

கேஸில் தங்கிவிட்ட சீலை எடுக்கும்போது நிதானம் வேண்டும். வாயோரத்தில் ஒரு மரச்சில்லோ மடித்த பனியன் துணியோ வைத்து, அதன் மேல் ஸ்க்ரூடிரைவரைத் தாங்கி நெம்புங்கள். அலுமினியம் மெத்தென்று இருக்கும், நேராக நெம்பினால் வாய் உடைந்து போகும். ஸ்க்ரூடிரைவர் முனை சீல் உட்காரும் சுவரில் கோடு போட்டுவிட்டால் புதுச் சீலின் வெளிப்பக்கமாகவே எண்ணெய் வரும், அது இன்னும் கண்டுபிடிக்க முடியாத கசிவு. வராமல் அடம்பிடித்தால் கேஸின் வாய்ப்பக்கத்தைச் சுற்றிக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள், அலுமினியம் விரிந்து விட்டுக்கொடுக்கும்.

பூட்டுவது

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, துடைத்து, காற்று அடித்துக் காயவையுங்கள். பாட்டம் கேஸின் அடியில் களிம்பு போலச் சேறு தங்கியிருக்கும், குச்சியில் துணி சுற்றி அதை எடுங்கள். பைப்பின் குரோம் வேலை எதுவும் பாக்கி இருந்தால் இப்போதே செய்து முடியுங்கள்.

டேம்பர் ராடைப் பைப்புக்குள் விட்டு, பைப்பைப் பாட்டம் கேஸுக்குள் இறக்கி, அடி போல்ட்டில் புதுச் செம்பு வாஷர் போட்டு, மரையில் ஒரு சொட்டு லாக்டைட் விட்டு இறுக்குங்கள். ராடு சுற்றாமல் இருக்க ஸ்பிரிங்கையும் மூடியையும் தற்காலிகமாகப் போட்டு, பைப்பை அமுக்கிக்கொண்டு இறுக்கலாம். பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் சொல்லியிருப்பார்கள், மேனுவலைப் பாருங்கள். பழைய வாஷரையே போட்டால் மேலே சீல் பிடித்து அடியில் சொட்டும். புஷ் உள்ள வண்டியில் அதை முதலில் உட்கார வைத்து, அதன் மேல் வாஷரையும் வைத்த பிறகுதான் சீல்.

பைப்பின் மேல் விளிம்பு கூர்மையாக இருக்கும், புதுச் சீலை அப்படியே மாட்டினால் உதடு அங்கேயே கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மெல்லிய பாலித்தீன் கவரைப் பைப் தலை மேல் போர்த்தி, அதன் மேல் ஃபோர்க் ஆயில் தடவி, சீலின் உதட்டிலும் தடவி, மெதுவாக வழுக்கி இறக்குங்கள். எழுத்து அச்சிட்ட பக்கம் மேலே, உள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே எண்ணெயைப் பார்த்து. இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு "கம்பெனி சீலே சரியில்லை" என்பவர்கள் உண்டு.

சீல் கேஸின் வாயில் மட்டமாக உட்கார்ந்ததும், பழைய சீலை அதன் மேல் வைத்து, பிவிசி பைப்பை மேலிருந்து விட்டு நேர்குத்தாகத் தட்டுங்கள். பெரிய அடி வேண்டாம், பல சின்ன அடிகள். ஒரு பக்கம் சாய்ந்தால் நிறுத்திச் சரிசெய்து தட்டுங்கள். இறங்கும்போது சத்தம் மொத்தென்று இருக்கும், கடைசியில் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும், கையிலும் அடி திருப்பி வரும். பழைய சீலை எடுத்துவிட்டுப் பாருங்கள், லாக் உட்காரும் பள்ளம் சுற்றிலும் முழுசாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மறைந்திருந்தால் இன்னும் இறங்கவில்லை. லாக்கைப் போட்டு, அது பள்ளத்துக்குள் உண்மையிலேயே விழுந்ததா என்று சுற்றித் தள்ளிப் பார்த்துவிட்டு, டஸ்ட் சீலை இறக்குங்கள்.

இப்போது ஆயில். 100 முதல் 150 சிசி வண்டிகளில் ஒரு காலுக்குப் பெரும்பாலும் 150 முதல் 200 மி.லி.க்குள்தான் இருக்கும், சரியான கணக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கழற்றும்போது வந்த பழைய எண்ணெயை அளந்து அதே அளவு ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள், கசிந்ததுதானே பிரச்சினையே. ஊற்றிவிட்டு, ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை மெதுவாக மேலும் கீழும் அசைத்து உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். முதலில் தொளதொளவென்று போய் வரும், பிறகு இரண்டு பக்கமும் ஒரே சீரான பிடிப்பு வரும், அதுவரை செய்து, கால் மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள்.

பிறகு பைப்பை முழுசாக உள்ளே அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். மருந்துக் கடைச் சிரிஞ்ச் இதற்குத்தான். மேனுவலில் சொன்ன அளவுக்கு டியூபில் ஒரு டேப் ஒட்டி, டேப் பைப் விளிம்பில் நிற்கும்படி டியூபை உள்ளே விட்டு உறிஞ்சுங்கள். கூடுதலாக ஊற்றியது எல்லாம் சிரிஞ்சுக்குள் வந்துவிடும், டியூப் முனை காற்றைத் தொட்டதும் தானாக நிற்கும். இரண்டு காலுக்கும் அதே டேப், அதே அளவு. மில்லி லிட்டர் கணக்கில் சிறிது முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். "கொஞ்சம் சேர்த்து ஊத்தினா நல்லா இருக்கும்" என்ற யோசனை வேண்டாம். எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்று இடமும் ஒரு ஸ்பிரிங்தான். அதை நிரப்பிவிட்டால் பெரிய பள்ளத்தில் அழுத்தம் போக இடமில்லாமல் புதுச் சீலைத்தான் பிதுக்கித் தள்ளும்.

பைப்பை நீட்டி, ஸ்பிரிங் போட்டு, மூடியைக் கையால் மரை பிடிக்கவைத்து, ஃபோர்க்கை வண்டியில் ஏற்றி, கீழ் போல்ட்டை இறுக்கி, பிறகு மூடியை இறுக்கி, கடைசியாக டாப் பிரிட்ஜ் போல்ட். சக்கரம் மாட்டியதும் ஆக்சிலை உடனே முழுசாக இறுக்காதீர்கள். வண்டியை இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து நாலைந்து தடவை நன்றாக அமுக்கி விடுங்கள், இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும், அதற்குப் பிறகு இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஃபோர்க் பிடித்துப் பிடித்து வேலை செய்யும், சீலின் ஒரு பக்கம் மட்டும் தேயும். காலிப்பர் போட்ட பிறகு பிரேக் லீவர் கெட்டிப்படும்வரை அமுக்குங்கள், தெருவுக்குப் போய் முதல் பிரேக்கில் லீவர் கிரிப்பில் போய் முட்டக் கூடாது.

முதல் சில நாள் பைப்பில் மெல்லிய பசை மாதிரி ஈரம் தெரிந்தால் அது நீங்கள் தடவிய எண்ணெய்தான், துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். வளையமாகச் சேர்ந்து கீழே ஒழுகினால்தான் கசிவு. எங்கிருந்து என்று பாருங்கள். உதட்டிலிருந்து வந்தால் முதலில் எக்ஸ்-ரே பட்டையை எடுங்கள், பூட்டும்போது துணி நூல் ஒன்று மாட்டியிருந்தாலும் இப்படித்தான் வரும். பைப் காய்ந்திருந்து கேஸின் வாயோரம் மட்டும் நனைந்தால் சீல் சரியாக இறங்கவில்லை அல்லது சுவரில் கீறல். அடியில் சொட்டினால் செம்பு வாஷர். வாட்டர் வாஷ் கொடுத்தால் அந்தப் பையனிடம் டஸ்ட் சீலுக்குக் கன்னைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பைப்பை வாரம் ஒரு தடவை ஈரத்துணியில் துடைத்தால் போதும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய பாட்டிலில் பிடித்து மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் டின் இருக்கும், அதில் ஊற்றிவிட்டு வாருங்கள்.